அடைப்பை விட்டுவிட்டீர்களே

சிறுநீரகத் தொற்று முற்றி செப்டிக் ஷாக் (கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடுவது) வர வயதும் சர்க்கரையும் காரணம் என்று உங்கள் கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள், சரி, ஆனால் சிறுநீர்ப் பாதை அடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. கல்லோ, ஆண்களுக்கு வீங்கிய புராஸ்டேட் சுரப்பியோ சிறுநீரை மறித்தால் உள்ளே சீழ் தேங்கி கிருமி ரத்தத்தில் ஏறிவிடும், அப்புறம் எத்தனை விலையுயர்ந்த ஆன்டிபயாடிக் ஏற்றினாலும் உள்ளே ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாய் வைத்தோ முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குக் குழாய் போட்டோ வடித்தால்தான் ஆள் தேறுவார்.

குடியாத்தத்தில் எங்கள் பெரியம்மா பீடி சுற்றுகிறவர், பழைய சர்க்கரை. பாத்ரூமுக்கு எழுந்தால் சுற்றும் பீடிக் கணக்கு குறையும் என்று தண்ணீரே குடிக்க மாட்டார். விலா வலியும் குளிர்நடுக்கமும் வந்தபோது பக்கத்து கிளினிக்கில் வலி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காய்ச்சல் இல்லை, எல்லோருக்கும் நிம்மதி. சாயங்காலம் பெற்ற மகனையே "யாருப்பா நீ" என்று கேட்டார், கை கால் சில்லிட்டிருந்தது. வேலூர் கொண்டுபோய் சி.டி. எடுத்தால் சிறுநீரகத்துக்குள் வாயு! இப்படிக் கிருமியால் சிறுநீரகத்தில் வாயு சேரும் வகைத் தொற்று வருகிறவர்களில் பெரும்பாலோர் சர்க்கரைக்காரர்கள்தான்.

வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வரலாம். இந்தத் தொற்றில் ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் (தட்டணு), ஆல்புமின் (ஒரு புரதம்) குறைவதும், கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுவதும் ஷாக் பக்கத்தில் நிற்கிறது என்பதற்கான அடையாளங்கள். நம் ஊரில் பிளேட்லெட் இறங்கினாலே டெங்கு என்று பப்பாளி இலையை அரைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சிறுநீர் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்லுங்கள், அதுவும் முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்னாலேயே.