குருதியைவிட மலமே அதிகம் சொல்கிறது

பெருங்குடல் புற்றுநோய்க்கான ‘ஷீல்டு’ என்னும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் ஒப்புதல் அளித்தபோது, இனிக் குடலுக்குள் கேமராக் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற தொனியில் பலர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வந்துவிட்ட புற்றைக் கண்டுபிடிப்பது ஒன்று, வரப்போகும் புற்றை முன்கூட்டியே அறிந்து தடுப்பது வேறு. இத்தகைய பரிசோதனைகள் தேடும் டி.என்.ஏ. மெத்திலேற்றத்தின், அதாவது டி.என்.ஏ.மீது மெத்தில் ஒட்டிக்கொள்வதன், உண்மையான பெருமை இரண்டாவதில்தான் இருக்கிறது.

மெத்தில் என்பது ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த சிறு தொகுதி. டி.என்.ஏ.வில் சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்களில் அது சைட்டோசின்மீது ஒட்டிக்கொள்கிறது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் இவ்வாறு மிகுதியாக ஒட்டிக்கொண்டால் அந்த மரபணு செயல்படாமல் அடங்கிவிடும். புத்தகத்தில் ஓர் எழுத்தும் அழியாமல், சில பக்கங்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டுவிட்டதைப் போன்ற நிலை அது. டி.என்.ஏ. நகலெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்தும் எம்.எல்.எச்.1 மரபணு இப்படி அடங்கிப்போவதால், பரம்பரைக் குறைபாடு எதுவும் இல்லாதவருக்கும் ஒருவகைப் பெருங்குடல் புற்று உருவாகிறது.

மெத்திலேற்றம் கூடுவதும் குறைவதுமான இந்த மாற்றங்கள் புற்றுக்கு முன்பே தொடங்குகின்றன என்பது இன்று நேற்று அறிந்த செய்தியன்று. ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் 1983இல், புற்றுச் செல்களின் சில மரபணுக்களில் மெத்திலேற்றம் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில், புற்றாக மாறாத பெருங்குடல் பாலிப்புகளிலும் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சிகள்) அதே குறைவு இருப்பது தெரியவந்தது. 1994இல் ஜான்-பியர் இஸ்ஸாவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சிந்திக்க வைப்பது: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணுவின் மெத்திலேற்றம், நோயில்லாத குடலின் சளிச்சவ்விலேயே வயதோடு சேர்ந்து கூடிக்கொண்டு போகிறது. பிற்காலத்தில் எம்.ஜி.எம்.டி. மரபணுவின் மெத்திலேற்றம், கட்டிக்கு அருகே பார்வைக்கு இயல்பாகத் தோன்றும் திசுவிலும் காணப்பட்டது. ஆக, கட்டி முளைப்பதற்கு முன்பே நிலம் மாறிவிடுகிறது என்று கருத நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் வயது தானாக வரைந்த கோட்டையும் நோய் வரைந்த கோட்டையும் ஒருவருடைய குடலில் பிரித்தறிவது எளிதன்று. “உங்கள் மெத்திலேற்றத்தைப் பார்த்து எதிர்கால ஆபத்தைச் சொல்கிறோம்” என்று எவரேனும் விற்க வந்தால் நான் பணம் தரமாட்டேன்.

நடைமுறைக்கு வந்த பரிசோதனைகளைப் பார்ப்போம். 2014இல் ஒப்புதல் பெற்ற ‘கோலோகார்டு’ மலத்தைச் சோதிப்பது. என்.டி.ஆர்.ஜி.4, பி.எம்.பி.3 ஆகிய மரபணுக்களின் மெத்திலேற்றம், கே-ராஸ் மரபணுவின் பிறழ்வுகள், கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவு ஆகியவற்றை அது ஒருங்கே அளக்கிறது. ஏறத்தாழ 10,000 பேரிடம் நடந்த ஆய்வில் புற்று இருந்தோரில் 92.3 விழுக்காட்டினரை அது கண்டுபிடித்தது. மலத்தில் ரத்தத்தை மட்டும் தேடும் சாதாரணச் சோதனை 73.8 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்தது. புற்றாகக்கூடிய முற்றிய பாலிப்புகளில் கோலோகார்டு பிடித்தது 42.4 விழுக்காடு. ‘ஷீல்டு’ ரத்தப் பரிசோதனையோ தன் ஆய்வில் 83.1 விழுக்காடு புற்றுகளைப் பிடித்தும், முற்றிய பாலிப்புகளில் 13.2 விழுக்காட்டையே பிடித்தது.

காரணம் விளங்காததன்று. பாலிப் குடலின் உட்பரப்பில் வளர்வதால் அதன் செல்கள் உதிர்ந்து மலத்தோடு கலக்கின்றன. ரத்தத்துக்குள் அதன் டி.என்.ஏ. சென்று சேர்வது மிகக் குறைவு. கட்டி திசுவுக்குள் ஊடுருவிய பிறகே ரத்தம் பேசத் தொடங்குகிறது. பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகள் அளவில் ஆகும். அந்த இடைவெளியில் அதை வெட்டி எடுத்துவிட முடிகிறது என்பதுதான் இந்த உறுப்புக்கு வாய்த்த நற்பேறு. அந்த இடைவெளியில் ஏறக்குறைய வாய்மூடி இருக்கும் சோதனையை எப்படி முதலிடத்தில் வைப்பது?

ரத்தப் பரிசோதனையை நான் ஒதுக்கவில்லை. மலத்தைச் சேகரிக்கக் கூச்சப்பட்டு எந்தச் சோதனைக்கும் வராதவருக்கு அது நிச்சயம் மேல். கோலோகார்டும் குறையற்றதன்று: முற்றிய பாலிப்போ புற்றோ இல்லாத 100 பேரில் 13 பேருக்கு அது வீணாக எச்சரிக்கை தந்தது, வயது கூடக்கூட அந்த வீண் எச்சரிக்கையும் கூடியது. வயதோடு வளரும் அடையாளத்தை நம்பும் சோதனையில் இது வியப்பில்லை.

எந்தச் சோதனையில் அடையாளம் தென்பட்டாலும் அடுத்த படி கொலோனோஸ்கோபிதான் என்பதை விளம்பரங்கள் சிறிய எழுத்தில் சொல்கின்றன. மேலும், இவை இரண்டும் 45 வயதும் அதற்கு மேலும் ஆன, சராசரி ஆபத்துள்ளவர்களுக்கானவை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்கு முன் இந்த நோய் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்கு 10 ஆண்டுகள் முன்னதாக, இவற்றில் எது முந்தையதோ அப்போது நேராகக் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்றே அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.