புல்லாங்குழலுக்குப் பிறகு நாகஸ்வரமா?

பல ஆண்டுகளாகப் புல்லாங்குழல் வாசித்து வரும் எனக்கு, நாகஸ்வரமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை கொஞ்ச காலமாகவே இருக்கிறது. இப்படி இரண்டாவது கருவியைத் தேடுகிறவர்கள், முதல் கருவியில் தமக்குக் கிடைக்காதது அந்தக் கருவியிலேயே இல்லாததா, அல்லது தம் சாதகம் (இசைப் பயிற்சி) போதாததால் வராததா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தோடி ராகத்தின் காந்தார சுரம் குழலில் சரியாக அசையவில்லை என்பதற்காக நாகஸ்வரத்தை நாடுவதில் பொருளில்லை. துளையை முழுவதும் திறக்காமல் விரலைச் சற்றே உயர்த்தியும், உதட்டின் கோணத்தை மாற்றியும், வாய்ப்பாட்டின் அசைவுகளைக் குழலுக்குள் கொண்டுவர முடியும் என்பதை புல்லாங்குழல் மேதை மாலி என்ற டி.ஆர்.மகாலிங்கம் (1926–1986) வாசித்தே காட்டிவிட்டார். ஆனால், ஒலிபெருக்கியே இல்லாமல் கோயில் வீதி முழுவதையும் நிறைக்கும் அந்த நாதம் குழலில் பிறக்காது. இரண்டு, இரண்டரைக் கட்டை என்ற தாழ்ந்த சுருதியில், நீளமான பாரி நாகஸ்வரம் கீழ் ஸ்தாயியில் நின்று ஒலிக்கும்போது உண்டாகும் கனத்துக்கு ஈடாக என் கையிலுள்ள மூங்கிலில் எதுவுமே இல்லை. அந்த நாதத்துக்காக ஏங்குவது நியாயமான காரணம் என்றே நினைக்கிறேன்.

கிளாரினெட் எடுக்கலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது கர்நாடக இசைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதற்கு கிளாரினெட் கலைஞர் ஏ.கே.சி.நடராஜன் ஒருவரே போதும். ஆனால் குழலில் சட்ஜத்தை (ச) அழுத்தி ஊதினால் மேல் சட்ஜம் வரும். கிளாரினெட்டிலோ அதையும் தாண்டி மேல் பஞ்சமத்துக்கு (ப) போய்விடும். ஆகவே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் விரலமைப்பை வேறாகப் பழக வேண்டும். அந்த உழைப்பை நான் கேட்க ஏங்கும் நாதத்துக்கே கொடுக்க விரும்புகிறேன்.

நாகஸ்வரத்தில் என்னைத் தயங்க வைப்பது விரல்கள் அல்ல, உதடுதான். குழலில், உதடுகளுக்கிடையே மெல்லிய காற்றை விட்டு, ஊதும் துளையின் எதிர் விளிம்பில் மோதச் செய்கிறோம். அதற்கு உதடு தளர்ந்து, நுட்பமாக அசையக்கூடியதாக இருக்க வேண்டும். நாகஸ்வரத்திலோ நாணலில் செய்த சீவாளியை உதடுகளால் கவ்விப் பிடித்து, நல்ல அழுத்தத்தோடு ஊத வேண்டியிருக்கிறது. சுரங்களின் நுண்ணிய இடைவெளிகள்கூட விரலோடு மூச்சின் அழுத்தமும் சேர்ந்தால்தான் பிடிபடும். சீவாளியில் களைத்த உதட்டோடு உடனே குழலை எடுத்தால், காற்றுதான் வருமே தவிர நாதம் வராது. அடுக்குமாடி வீட்டில் சாதகம் செய்வது வேறு சிக்கல். அதற்கு இடம் தேடிக்கொள்ளலாம்.

எனவே நாகஸ்வரம் கற்பது என்று முடிவு செய்திருக்கிறேன். குழல் சாதகத்தைக் காலையிலும் சீவாளிப் பயிற்சியை மாலையிலும் வைத்துக்கொள்வேன், குழலின் நேரத்தில் ஒரு நிமிடமும் குறைக்க மாட்டேன். இரண்டு கருவிகளையும் வாசிக்கிறவர்கள் இங்கே இருந்தால், உதடு பழகும் வரை குழல் வாசிப்பு எப்படி இருந்தது என்பதை அன்புகூர்ந்து எழுதுங்கள்.