மணிக்கட்டு முறிந்தவர்களுக்கும் சிலம்பக் களத்தில் இடம் வேண்டும்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், கடலூர்–புதுச்சேரி சாலையில் ஸ்கூட்டர் சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். பெருவிரல் பக்கமாக ஓடும் முன்கை எலும்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். எக்ஸ்ரே படத்திலும் அப்படித்தான் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலுக்குப் போனேன். குருக்கள் திருநீறு கொடுக்க வந்தபோது என் வலது உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பவில்லை. பாதி தூரம் திரும்பி, கதவு இடித்ததுபோல நின்றுவிட்டது. முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டு, தூண் ஓரமாக நின்று அழுதேன்.

எலும்பு கூடுவது வேறு, கை திரும்ப வருவது வேறு என்பதை நாற்பத்தாறு வயதில் அன்றுதான் அறிந்தேன். முன்கையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பும்போது அவற்றில் ஒன்று மற்றொன்றின் மேல் உருண்டு குறுக்காகப் படிகிறது. ஆறு வாரம் அசையாமல் கிடந்தால் அந்த உருளல் இறுகிப்போகிறது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதும், பூட்டில் சாவியைத் திருப்புவதும், நடத்துநரிடம் சில்லறை வாங்குவதும் இந்த ஓர் அசைவை நம்பியே இருக்கின்றன. நான் பள்ளி ஆசிரியை. கரும்பலகையில் நான்கு வரி எழுதுவதற்குள் விரல்கள் மரத்துப்போயின.

இயன்முறை மருத்துவர் எனக்குக் கொடுத்த பயிற்சி எளிமையானது. வீட்டில் இருக்கும் சுத்தியலின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, சுத்தியலின் தலையை மெல்ல இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்க்க வேண்டும். தலையின் கனமே கையை இன்னும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றார். முதல் வாரம் செய்தேன். பிறகு மார்கழி முழுவதும் அந்தச் சுத்தியல் அலமாரியில் கிடந்தது. சோம்பல் என்று என் வீட்டார் நினைத்தார்கள். உண்மையில் அது பயம். ஒவ்வொரு முறை திருப்பும்போதும், கூடிய எலும்பு மீண்டும் பிளக்கப்போகிறது என்றே மனம் சொல்லியது. பார்க்க வந்த உறவினர்களும் "இனிமேல் அந்தக் கைக்கு வேலை கொடுக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

காயத்தைவிடக் காயத்தைப் பற்றிய அச்சமே பலரை நெடுநாள் முடக்கிவைக்கிறது என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த ஒன்று. வலிக்குமென்று அசைவைத் தவிர்க்கிறோம். தவிர்ப்பதால் தசை மெலிந்து மூட்டு இறுகுகிறது. இறுகிய மூட்டு அடுத்த முறை இன்னும் அதிகமாக வலிக்கிறது. அச்சம் சரியென்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. விளாயன், லிண்டன் என்ற இரு உளவியலாளர்கள் 2000-இல் இந்தச் சுழலை விரிவாக எழுதினார்கள். சுழலை உடைக்க வேண்டுமானால், அஞ்சும் அசைவையே தாங்கக்கூடிய அளவில், சிறிது சிறிதாக, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். என் அனுபவத்தில், ஒருவர் தனியறையில் தன்னந்தனியாகச் செய்ய முடியாத காரியம் இதுதான்.

என் மகள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சிலம்பம் பழகுகிறாள். காலையில் அவளை அழைத்துக்கொண்டுபோய், மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தை மாதத்தில் ஒருநாள் ஆசான் என்னிடம் வந்து, கையை வாங்கிப் பார்த்தார். அழுத்தவில்லை, திருப்பவும் இல்லை. "டீச்சர், கைதானே உடைஞ்சது, கால் நல்லாத்தானே இருக்கு? எழுந்து வந்து காலடி போடுங்க" என்றார். மூன்று வாரம் எனக்குக் கம்பே கிடையாது. இரு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, எட்டு வயதுப் பிள்ளைகளின் வரிசையில் நின்று, முன்வைப்பு, பின்வைப்பு, திரும்பல் என்று காலடி மட்டுமே பழகினேன். அதுவும் உலர்ந்த மணலில் வேண்டாம், கால் புதைந்து மறுபடி விழுந்துவிடக்கூடாது என்று சொல்லி, ஈரம் இறுகிய தரையிலேயே என்னை நிறுத்தினார்.

நான்காவது வாரம் ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டிய ஒரு துண்டுக் கம்பைத் தந்தார். அதை நடுவில் பிடிக்கச் சொன்னார். நடுவில் பிடித்தால் இரு பக்கமும் எடை சமமாக இருக்கும். மணிக்கட்டுக்குப் பாரமே தெரியாது. வாரம் ஒரு விரற்கடை அளவுக்குப் பிடியை ஒரு முனையை நோக்கி நகர்த்தினோம். கம்பின் நீளம் ஒரு பக்கம் கூடக் கூட, கையைத் திருப்பும் விசையும் கூடுகிறது. வீட்டில் நான் தொடாமல் வைத்திருந்த சுத்தியலின் தத்துவம் அப்படியே இதில் இருந்தது என்பதை அடுத்த முறை இயன்முறை மருத்துவரிடம் சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். நெற்றி உயரத்துக்கு நிற்கும் முழுக் கம்பை எப்போது தொடலாம் என்ற முடிவை ஆசான் அவரிடமே விட்டுவிட்டார். கம்பு சுற்றுவது என்பது வெளியே பார்ப்பவர்களுக்கு வீரமாகத் தெரிகிறது. மணிக்கட்டுக்கு அது உள்ளங்கையை மேலும் கீழும் மாற்றி மாற்றித் திருப்பும் ஒரே அசைவுதான், நூறு முறை, தாளத்தோடு, பக்கத்தில் பிள்ளைகளோடு.

மாசி மகத் தீர்த்தவாரிக்குச் சுவாமிகள் கடற்கரைக்கு வந்த அன்று, திருநீற்றை வலது உள்ளங்கையில் வாங்கினேன். சுத்தியல் பயிற்சியை ஒழுங்காகச் செய்திருந்தாலே இது நடந்திருக்கும் என்று யாரேனும் சொன்னால் மறுக்க மாட்டேன். நான் அதைச் செய்யவில்லை என்பதுதான் உண்மை. கம்போ, ஏதோ ரகசிய வித்தையோ என் கையைக் குணப்படுத்தியதாக நான் சொல்லவில்லை. செய்ய வேண்டியதை நாள்தோறும் செய்யவைத்தது அந்தக் களம். அங்கே தொடக்க நிலைக்குத் திரும்புவது அவமானமாகக் கருதப்படுவதில்லை. இருபது ஆண்டு பழகியவரும் வணக்கம் செலுத்திவிட்டு முதல் காலடியிலிருந்துதான் அன்றைய பயிற்சியைத் தொடங்குகிறார். அடிபட்டு எல்லாம் போயிற்று என்று நிற்கும் ஒருவருக்கு இந்த வழக்கம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, அடிபட்டவர்கள் அறிவார்கள்.

பிற நாட்டுக் கலைகளில் இந்தப் பயன் முறையாக ஆராயப்பட்டிருக்கிறது. கை நடுக்கமும் நடைத் தடுமாற்றமும் தரும் பார்க்கின்சன் நோய் கொண்ட 195 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2012-இல் வெளிவந்தது. வாரம் இருமுறை, 24 வாரம், மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனக் கலையான தாய் சி பழகியவர்கள், வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட உடல் சமநிலையில் முன்னேறியிருந்தார்கள், விழுவதும் குறைந்திருந்தது. ஜூடோவில் எறிவதற்கு முன்பே விழக் கற்றுக்கொடுக்கிறார்கள். கையை ஊன்றாமல் உடலை உருட்டி விழும் அந்த முறையில் இடுப்பெலும்பின் மேல் இறங்கும் விசை கணிசமாகக் குறைகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2007-இல் அளந்து காட்டினார்கள். என்னைப் போன்ற நடுவயதுப் பெண்களுக்கு இது மிகவும் தேவையான பாடம்; மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறைவதால், சாதாரணமாகக் கால் இடறி விழுந்தாலே மணிக்கட்டும் இடுப்பும் முறிகின்றன. சிலம்பத்தையும், வெறுங்கைச் சண்டைக் கலையான குத்துவரிசையையும் நம் பல்கலைக்கழகங்கள் இதே கண்ணோடு ஆராய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஆனால் நன்மையைப் பேசும்போது ஆபத்தையும் சேர்த்தே பேச வேண்டும், ஏனென்றால் "வலியைத் தாங்கினால்தான் வீரன்" என்ற பேச்சு எல்லாக் களங்களிலும் இருக்கிறது. என் பழைய மாணவன் ஒருவன் கபடி ஆட்டக்காரன். முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டான். நான்காம் மாதம் வலி இல்லை, நடை சரியாகிவிட்டது என்று களமிறங்கினான், மீண்டும் அறுந்தது. வலி இல்லாமல் இருப்பது குணமாகிவிட்டதற்குச் சான்று ஆகாது. புதிதாகப் பொருத்திய நார் உடலோடு ஒன்றிப் பலம்பெற மாதங்கள் ஆகும். 2016-இல் வெளியான நார்வே–அமெரிக்க ஆய்வொன்று, அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதாகக் கண்டது. அதே 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் பிசகித் தூக்கிச் செல்லப்பட்ட மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், அறுவைச் சிகிச்சைக்கும் நீண்ட மறுவாழ்வுப் பயிற்சிக்கும் பிறகு, 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். அந்தத் தங்கத்தைக் கொண்டாடும் நாம், இடையில் இருந்த இரண்டு ஆண்டுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

எண்ணெய் தேய்ப்பதைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆசான்களிடம் வைத்திய அறிவு சேர்ந்தே வரும் மரபு நம்முடையது. அதை நான் மதிக்கிறேன். இருந்தாலும் முழங்கை முறிவோ பிசகலோ ஏற்பட்ட நாட்களில் அழுத்தித் தேய்ப்பதும், இழுத்து மடக்குவதும் தசைக்குள்ளேயே எலும்பு வளர வழி செய்யலாம். பிறகு அந்தக் கை நிரந்தரமாக மடங்காமல் போகவும் கூடும். எக்ஸ்ரே எடுக்காத காயத்தைத் தொட மாட்டேன் என்று சொல்லும் ஆசானே நல்ல ஆசான்.

தமிழ்நாடு அரசு வேலைகளுக்கான மூன்று விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் 2021-இல் சிலம்பமும் சேர்க்கப்பட்ட பிறகு, கடலூரில் பிள்ளைகள் பெருமளவில் கம்பெடுக்கிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பயிற்சி முழுவதும் போட்டியை நோக்கிப் போவதால், தனியாகச் சுற்றிக் காட்டும் தனித்திறமைக்கும், எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைக்கும் தயாராகிற பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் ஆசான்களிடம் நேரம் இல்லை. நான் கேட்பது வாரத்தில் ஒரே ஒரு மாலை. கட்டுப் பிரித்தவர்கள், தோள்பட்டை இறுகியவர்கள், விழுந்துவிடுவோம் என்று அஞ்சி வாசற்படி தாண்டாதவர்கள் ஆகியோருக்காக அந்த ஒரு மாலையை ஒதுக்கலாம். மருத்துவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் யாரையும் சேர்க்க வேண்டாம்; பக்கத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவரை மாதம் ஒருமுறையாவது வரச் சொல்லலாம். இன்று போதும், உட்காருங்கள் என்று சொல்லும் உரிமை ஆசானுக்கு இருக்க வேண்டும். இன்று வேண்டாம் என்று சொல்லும் உரிமை பழகுகிறவருக்கும் இருக்க வேண்டும்.

எங்கள் ஆசான் ஞாயிற்றுக்கிழமை மாலைகளை இதற்காக ஒதுக்கிவிட்டார். இப்போது நான்கு பேர் வருகிறோம். போன வாரம், சர்க்கரை நோயால் தோள் இறுகி, ஆறு மாதமாகத் தலைவாரிக்கொள்ளக்கூட முடியாத ஓர் அம்மா தன் மருமகளோடு வந்தார். கம்பைப் பார்த்ததும் பின்வாங்கினார். ஆசான் கம்புகளையெல்லாம் படகு நிழலில் கிடத்திவிட்டு, அவரை ஈரத்தரையில் நிற்கவைத்து, "இடது காலை மட்டும் ஒரு அடி முன்னாடி வைங்கம்மா" என்றார்.