வெள்ளி ரூபாயைத் தேய்க்கிறதை நிறுத்துங்கய்யா!

1918-ல அடிச்ச ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒண்ணும் அபூர்வம் இல்ல. போர்க்கால வெள்ளித் தட்டுப்பாட்டுல அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டு, தன்னோட வெள்ளி டாலரையே 25 கோடிக்கு மேல உருக்கி இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு வித்துச்சு. பம்பாய், கல்கத்தா மின்ட் ரெண்டும் கோடிக்கணக்குல ரூபாய் அடிச்சுது. கையில காசு கம்மியா இருக்கிறவங்க நல்ல வெள்ளி ரூபாய் வாங்க முடியுதுன்னா அதனாலதான். அந்த வழியையும் இப்ப காசு விக்கிறவங்க தேய்ச்சே அழிக்கிறாங்க.

லேசா புழங்கின காசுல ராஜாவோட மீசை, கிரீடம், அங்கியில இருக்கிற குட்டி யானைன்னு மேடான இடம்தான் முதல்ல மழுங்கும். அந்த இடமெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். ஆனா எழுத்துக்கு நடுவுல, விரல் படாத பள்ளத்துல, நூறு வருஷத்துக்கு முன்னாடி அச்சுல இருந்து வந்த பளபளப்பு அப்படியே தங்கியிருக்கும். காசோட உயிரே அங்கதான் இருக்கு! அதைப் போய் விபூதி, பல்பொடி, சமையல் சோடான்னு போட்டுத் தேய்ச்சு, 'யூஎன்சி'ன்னு, அதாவது புழங்காத காசுன்னு எழுதி விக்கிறீங்களே, நியாயமா இது?

அச்சு விழும்போது உலோகம் நடுவுல இருந்து ஓரத்துக்கு நுண்ணிய கோடுகளா ஓடுது. காசைச் சாய்ச்சா வெளிச்சம் சக்கரம் மாதிரி சுத்துறது அந்தக் கோடுகளாலதான். பொடி போட்டுத் தேய்ச்சா கோடு அறுந்துபோகும். அமிலக் கரைசல்ல முக்கினாலும் மேல்தோல் கரைஞ்சுபோகும். போனது போனதுதான், திரும்ப வரவே வராது.

வாங்குறவங்களுக்கும் சொல்றேன். டியூப் லைட்ல எடுத்த போட்டோவை நம்பி பணம் போடாதீங்க. ஒத்தை பல்புக்குக் கீழ சாய்ச்சு ஒரு வீடியோ கேளுங்க. மழுங்கின மேடும் இருக்கு, காசு முழுக்க வெள்ளைவெளேர்னும் இருக்குன்னா அது கழுவின காசு. பத்து மடங்கு லென்ஸ்ல ஒரே பக்கமா ஓடுற முடி மாதிரி மெல்லிய கீறல் தெரிஞ்சா சந்தேகமே வேணாம்.

விளிம்பையும் காட்டச் சொல்லுங்க. கிரீடத்துக்கு நேர் மேல விளிம்புல வரிவரியா இருக்கிற பள்ளம் மழுங்கி, வெள்ளி நிறம் மாறியிருந்தா, நகையில கோக்க வளையம் பத்தவச்சு அப்புறம் அராவி எடுத்த காசு. விளிம்பைச் சுத்தி ஒரு இணைப்புக் கோடு ஓடினா அது வார்த்த போலி. தராசுல 11.66 கிராம் பக்கத்துல நிக்கணும், லேசான தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையலாம். 11 கிராமுக்குக் கீழன்னா திருப்பிக் கொடுத்துடுங்க. ஆனா எடை சரியா இருக்கிறதால மட்டும் அசல்னு முடிவு பண்ணிடாதீங்க.

இதுல பாவம், நல்ல காசை வாங்கினவங்களும் பிவிசி கவர்ல போட்டு வீணாக்குறாங்க. அந்த பிளாஸ்டிக்ல இருந்து கசியுற பொருள் வெள்ளி மேல பச்சையா பிசுபிசுன்னு ஒட்டும். ஆரம்பத்துலயே சுத்தமான அசிட்டோன்ல சில நிமிஷம் ஊறவச்சு, துடைக்காம உலரவிட்டா போயிடும். நகப்பூச்சு அழிக்கிற திரவம் வேண்டாம், அதுல வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அப்புறம் மைலார்ங்கிற பாலியெஸ்டர் கவர்ல போட்டு வைங்க.

விக்கிறவங்ககிட்ட கேக்கிறது ஒண்ணுதான். தேய்ச்ச காசுன்னா விலைக்குப் பக்கத்துல 'கழுவினது'ன்னு எழுதுங்க. கருத்துப்போன காசு வந்தா கருப்பாவே வைங்க, அதைத் தேடி வாங்க ஆள் இருக்கு.