சேற்றில் நிற்பவரிடமும் "உப்பைக் குறை" என்றுதான் சொல்வீர்களா?

போன குறுவை நடவு சமயத்தில் எங்கள் சித்தி வயலிலேயே சுருண்டு விழுந்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கிராமம். காலையில் இறங்கினால் மதியம் வரை குனிந்த முதுகு நிமிராத வேலை. அன்றைக்குப் பத்து மணிக்கே கெண்டைக்காலைப் பிடித்து இழுத்திருக்கிறது. வரப்பில் உட்காரவைத்துக் காலைப் பிடித்துவிட்டவர்கள் சொன்னார்கள், தோலுக்கடியில் விரால் துள்ளுவதுபோலச் சதை தானாகத் துடித்ததாம். வெயில்தான் காரணம் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், குடிக்கக் குடிக்கத் தலைவலியும் வாந்தியும்தான் கூடியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், உப்பில் இருக்கிற சோடியம் 122. இருக்க வேண்டியது 135-லிருந்து 145.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் பிரஷர் என்று சொல்லி நீர் பிரிகிற மாத்திரை கொடுத்து, "உப்பே சேர்க்காதீங்க" என்று அனுப்பியிருந்தார்கள். அந்த மாத்திரை சிறுநீரோடு உப்பையும் வெளியே தள்ளும். சித்தி சொன்ன சொல் தட்டாதவர். நீராகாரத்தில் உப்புப் போடுவதை நிறுத்தினார், நார்த்தங்காய் ஊறுகாயைத் தொடவே இல்லை. "நீங்க என்ன வேலை பாக்குறீங்கம்மா?" என்று அந்த இடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு இன்னமும் ஆறாதது அதுதான்.

தாகம் என்றால் தண்ணீர், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். உடம்புக்குள் போன தண்ணீரை ரத்தத்தில் பிடித்து வைப்பது சோடியம். வியர்வையில் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போகின்றன. ஒரு லிட்டருக்கு ஆளைப் பொறுத்து 1 முதல் 4 கிராம் வரை உப்பு போகும். கறுப்பு ரவிக்கை காய்ந்ததும் முதுகில் வெள்ளைவெள்ளையாகத் திட்டுப் படிகிறதே, அது அந்த உப்புதான். இரண்டும் போன இடத்தில் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தம் நீர்த்துப்போகிறது, தாகம் பாதியிலேயே அடங்கிவிடுகிறது, குடித்ததில் ஒரு பங்கு சிறுநீராகவும் போய்விடுகிறது. சோடியம் ரொம்பவும் இறங்கினால் மூளை வீங்கும், தலைவலியும் வாந்தியும் வருவது அதனால்தான். நரம்பு சதைக்குச் சுருங்கச் சொல்லும் சேதியும் சோடியத்தை வைத்துத்தான் ஓடுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1923-லேயே மாஸ் என்ற ஆராய்ச்சியாளர் பிரிட்டனின் சூடான சுரங்கங்களில் வேலை செய்தவர்களைப் பார்த்து எழுதிவைத்தார், நிறைய வியர்த்து வெறும் தண்ணீராகக் குடித்தவர்களுக்குச் சதைப்பிடிப்பு வருகிறது என்று. எல்லாப் பிடிப்புக்கும் உப்பே காரணம் என்று நான் சொல்லவில்லை, களைத்துப்போன சதையும் இழுக்கும், அதற்கு பாத விரல்களை மேல்நோக்கி மடக்கிப் பிடித்தாலே பல சமயம் விட்டுவிடும். ஆனால் வெயிலில் மணிக்கணக்காக வியர்த்தவருக்குப் பிடிப்போடு தலைசுற்றலும் வாந்தியும் சேர்ந்தால் அது வேறு.

1930 ஏப்ரலில் உப்பு வரியை எதிர்த்து ராஜாஜி திருச்சியிலிருந்து இதே டெல்டா வழியாகத்தான் வேதாரண்யத்துக்கு நடந்தார். உப்பு வரி அதிகம் அழுத்தியது யாரை? வியர்வை சிந்துகிறவரைத்தான், அவருக்குத்தானே உப்பு அதிகம் வேண்டும்.

சரி, அதற்காக எல்லோரும் உப்பை அள்ளிப் போடுங்கள் என்பதா? இல்லவே இல்லை. எங்கள் அப்பா வயலை விட்டு இருபது வருடம் ஆகிறது, இப்போது கடையில் ஃபேனுக்குக் கீழே உட்காருகிறார், நாக்கு மட்டும் இன்னும் வயலில்தான் நிற்கிறது. கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், மிக்சர், எதுவும் குறையவில்லை. பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது மொத்தமாக ஒரு டீஸ்பூனுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது அவருக்கு அப்படியே பொருந்தும். ஒரே வீட்டில் உப்பைக் குறைக்க வேண்டியவரும் இருக்கிறார், வேலை நாளில் வியர்வைக்கு ஈடுகட்ட வேண்டியவரும் இருக்கிறார், இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லி அனுப்பினால் எப்படி?

இன்னொன்று. தினமும் வெயிலில் உழைக்கிற உடம்பு ஒன்றிரண்டு வாரத்தில் பழகி, வியர்வையில் உப்பை மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொள்ளும். இடைவெளிவிட்டு வேலைக்கு வருகிற முதல் சில நாள்தான் ஆபத்து. மேட்டூர் திறந்து நடவு தொடங்கும் அந்த முதல் வாரத்தில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் டீயும் வடையும் கொடுத்தால் போதாது, உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ வரப்புக்கு வந்தாக வேண்டும். ஆள் சோர்ந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. டம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்கிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அது கெடுதல். அதில் 2.6 கிராம் உப்போடு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது, அந்தச் சர்க்கரை உப்பைக் குடலுக்குள் இழுக்கும், தண்ணீர் பின்னாலேயே போகும். ஆள் குழறிப் பேசினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவிடுங்கள். இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டவும் வேண்டாம்.

சித்திக்கு இப்போது மாத்திரையை மாற்றிவிட்டார்கள். இந்த முறை பார்த்த டாக்டர், நடவு நாளில் எவ்வளவு, வீட்டில் இருக்கிற நாளில் எவ்வளவு என்று தனித்தனியாகவே எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார், வேலைக்குப் போகிற அன்று எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தூக்குவாளியில் மோர் ஊற்றுகிறார்.