விளம்பர இடைவேளையில் விழுந்த இரண்டு பந்துகள்

கடந்த வாரம் ஓர் இரவு, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் லொத்தர் சீட்டிழுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கில எழுத்து வந்தது, முதல் எண் வந்தது, இரண்டாவது எண்ணும் வந்தது. மூன்றும் என் கையிலிருந்த சீட்டில் இருந்ததால் நான் கதிரையின் நுனிக்கே வந்துவிட்டேன். சரியாக அந்த நேரத்தில் பால்மா விளம்பரம் ஒன்று குறுக்கே புகுந்தது. அது முடிந்தபோது நான்கு எண்களும் திரையில் வரிசையாக நின்றன. அறிவிப்பாளர் சிரித்தபடி விடைபெற்றுக்கொண்டிருந்தார். மறுநாள் லொத்தர் சபையிடம் தொலைபேசியில் விசாரித்தால், "முடிவு சரியாகத்தான் இருக்கிறது, பரிசு விழுந்திருந்தால் சீட்டைக் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். எனக்குப் பெரிய பரிசு விழவில்லை. நான் கேட்டதும் பரிசை அல்ல. கடைசி இரண்டு பந்துகளும் விழுந்ததை எனக்கு ஏன் காட்டவில்லை என்றுதான் கேட்டேன்.

மோசடி நடந்தது என்று நான் சொல்லவில்லை. காலி வீதியில் எனக்குச் சீட்டு விற்கும் அண்ணைதான் அப்படிச் சொல்வார்: "தம்பி, விக்காத சீட்டுக்குத்தான் பெரிய பரிசு விழும், எழுதி வையுங்கோ." விற்பவரே இப்படிச் சொல்லிக்கொண்டு விற்பதும், அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே நான் வாங்குவதும் எவ்வளவு பெரிய கேவலம் என்பது வேறு விடயம். எதற்கெடுத்தாலும் சதி என்று கூவுகிறவர்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. தென்னாபிரிக்க லொத்தர் ஒன்றில் 2020 டிசம்பரில் 5, 6, 7, 8, 9 என்று ஐந்து எண்களும் அவற்றோடு 'பவர்போல்' எனப்படும் மேலதிக எண்ணாக 10உம் விழுந்தபோது, 20 பேர் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஊரே கள்ளம் என்று கத்தியது. ஆனால் அந்த வரிசை விழுவதற்கும், கலைந்து கிடக்கும் வேறெந்த வரிசை விழுவதற்கும் உள்ள வாய்ப்பு ஒன்றேதான்: 4 கோடியே 23 இலட்சத்து 75 ஆயிரத்து 200இல் ஒன்று.

ஆனாலும் அண்ணையின் பேச்சை முழுப் பிதற்றல் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. பல நாடுகளில் எண்களை வாங்குபவரே தெரிவுசெய்கிறார். நமது சீட்டுகளிலோ எண்கள் முன்கூட்டியே அச்சாகி வருகின்றன. ஆகவே எந்த எண் மக்கள் கையில் இருக்கிறது, எந்த எண் விற்காமல் தேங்கிவிட்டது என்ற கணக்கு எங்கோ ஓரிடத்தில் சேரத்தான் செய்யும். அந்தக் கணக்கு எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது, பந்துகளை நிறுப்பவர் யார் என்பவற்றைச் சீட்டின் பின்புறத்தில் நான்கு வரியில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? 2023இல் சீட்டின் விலையை 20 ரூபாயிலிருந்து 40 ரூபாயாக உயர்த்தியபோது புதிய விலையை அச்சிட இடம் கிடைத்ததல்லவா?

"எல்லாம் தொலைக்காட்சியில் பகிரங்கமாகத்தானே நடக்கிறது" என்று வாதாடுகிறவர்களுக்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவை நினைவூட்டுகிறேன். அங்கே 1980 ஏப்ரல் 24ஆம் திகதி இரவு, இலட்சக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் 666 என்ற எண் விழுந்தது. 4, 6 தவிர்ந்த பந்துகளுக்குள் ஊசியால் வெள்ளைப் பூச்சை ஏற்றிக் கனமாக்கியிருந்தார்கள்; கனத்தவை இயந்திரக் காற்றில் மேலெழவில்லை. அந்தச் சூழ்ச்சியின் சூத்திரதாரி, கமெராவின் முன்னால் நின்று எண்களை வாசித்த நிக் பெரி என்ற அறிவிப்பாளர். பந்தே வேண்டாம், கணினி போதும் என்றால் அதுவும் காப்பாற்றவில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களுக்குப் பொதுவான லொத்தர் சங்கத்தில் தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த எடி டிப்டன், ஆண்டின் குறிப்பிட்ட சில நாட்களில் எண்களை முன்கூட்டியே கணிக்கும் வகையில் மென்பொருளில் கைவைத்தார். 2017இல் அவருக்கு 25 ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் வேலியே பயிரை மேய்ந்தது. ஆனால் இரண்டு இடத்திலும் சந்தேகம் எழுந்தபோது அதைத் தட்டிக்கழிக்காமல் விசாரித்தார்கள். அதனால்தான் எனக்கும் உங்களுக்கும் இந்தக் கதைகள் தெரிந்திருக்கின்றன.

இங்கே கேள்வி கேட்டால், "காசு நல்ல காரியத்துக்குத்தானே போகிறது" என்று வாயை அடைக்கிறார்கள். லொத்தர் வருமானத்தில் மகாபொல புலமைப்பரிசில் பெற்றுப் படித்த பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நன்கொடை கொடுக்க விரும்பினால் நான் நேரடியாகவே கொடுத்துவிட்டுப் போகிறேன். 40 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது ஒரு வாய்ப்பை. அந்த வாய்ப்பு நேர்மையாக உருண்டதா என்று பார்ப்பதும் அந்த 40 ரூபாய்க்குள் அடங்கும். பாட்டையும் மேடை அலங்காரத்தையும் விருந்தினரின் மாலையையும் காட்டுவதற்கு நேரம் இருக்கிறதென்றால், பால்மாவுக்குப் பின்னால் விழுந்த அந்த இரண்டு பந்துகளையும், வெட்டாத ஒளிப்பதிவில், எனக்குக் காட்டுங்கள்.