காசில் ஹோவார்டு: குவிமாடம் குறித்து ஒரு திருத்தம்

யார்க்‌ஷயரில் (இங்கிலாந்து) உள்ள காசில் ஹோவார்டு மாளிகை முழுவதும் கட்டடக்கலைஞர் வான்புரோவின் ஒரே திட்டப்படி எழுந்து இன்றுவரை மாறாமல் நிற்கிறது என ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 1699-இல் அவர் மற்றொரு கட்டடக்கலைஞரான ஹாக்ஸ்மூரின் துணையுடன் பணியைத் தொடங்கியது உண்மை. ஆனால் 1726-இல் வான்புரோ மறைந்தபோது மேற்குச் சிறகு (மேற்குப் பக்கக் கட்டடம்) இன்னும் கட்டப்படவில்லை. பின்னர் அதைப் பழங்கால ரோமானியக் கட்டடங்களைப் பின்பற்றும் பல்லாடிய பாணியில் கட்டியவர் சர் தாமஸ் ராபின்சன். வடக்கு முகப்பின் எதிரே நின்று பார்த்தால் இரு சிறகுகளும் ஒத்துப்போகாதது எவர் கண்ணுக்கும் தெரியும்.

குவிமாடமோ 1940 நவம்பரில் தீக்கிரையானது. மீட்டெடுத்தவர்களின் அருமையான உழைப்பை மறந்துவிடலாகாது: 1960–62-இல் அது மீண்டும் எழுப்பப்பட்டதோடு, சூரியத் தேரிலிருந்து கிரேக்கப் புராணத்தின் ஃபேத்தன் தலைகுப்புற விழுவதாக இத்தாலிய ஓவியர் பெல்லெக்ரினி அதன் உட்புறத்தில் வரைந்திருந்த ஓவியத்தையும் ஓவியர் ஸ்காட் மெட் புதிதாகத் தீட்டினார்.